விழுதல் குறித்து ஆறு வாரம்

ஊரின் பெயர் லெ போர்.
போர் என்றால் சண்டை, அலுப்பு, வைக்கோல் குவியல்
மூன்றும் தெரிந்த நாக்கோடு ரீயூனியனில் இறங்கினேன்.
துறைமுகம் என்றார்கள். அவ்வளவுதான்.

ஓர் அறை, பிரேக் பிடிக்காத சைக்கிள்,
பழைய சுண்ணாம்புக் கிடங்கில்
கறுப்புத் தரை விரித்த கூடம்,
நாள்கணக்கில் சாப்பாட்டுக் காசு.
முடிவில் எதையும் மேடையேற்ற வேண்டியதில்லை
என்றது ஒப்பந்தத்தின் நாலாம் பத்தி.
மூன்று முறை படித்தேன்.
ஆடத் தொடங்கிய ஒன்பது வயதிலிருந்து
அரங்கேற்றம் இல்லாத தேதி எதையும்
எவரும் எனக்குத் தந்ததில்லை.

விண்ணப்பத்தில் எழுதிய கேள்வி இது:
சத்தமில்லாமல் ஓர் உடல் விழ முடியுமா?
அனுப்பும்போது அழகாகத்தான் இருந்தது.

சாவி தந்தவள் ஒதில் கஞ்சமலே.
உன் பெயரில் சேலத்துப் பக்கம் ஒரு மலை இருக்கிறது என்றேன்.
அப்படியா என்றாள்.
பூட்டுக்கு இடப்பக்கம் இரண்டு சுற்று,
பிறகு கதவின் கீழே ஓர் உதை என்றாள்.

நாளுக்கு நாற்பது தடவை விழுந்தேன்.
நோட்டில் கோடு போட்டு எழுதினேன்,
முதலில் தொட்டது முழங்காலா இடுப்பா தோளா,
கேட்டது தப்பா தொப்பா பொத்தா.
விழுகிறவனுக்கு இத்தனை ஒலி
சேர்த்து வைத்திருக்கிறது தமிழ்.
ஓசையின்றி விழுகிறவளுக்கு ஒன்று தேடினேன்.
இருந்தால் எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடையில் தைலம் கேட்டபோது
என் முழங்கையின் ஊதா நிறத்தைப் பார்த்து
கடைக்காரர் கேட்டார்: கோசா ஊ ரோட்?
என்ன தேடுகிறாய் என்று கிரியோலில் அர்த்தமாம்.
ரோட் என்றால் தேடு.
எங்கள் பக்கம் ரோடு என்றால்
போட்டு முடித்ததும் தோண்டுவது.
சரிதான், இரண்டும் ஒரே வேலை.

மூன்றாம் வாரம் நோட்டில் எதுவும் இல்லை.
சன்னலில் உட்கார்ந்து கிரேன் பார்த்தேன்.
இருபது டன் பெட்டி விர்ரென்று இறங்கி
தரைக்கு ஒரு சாண் உயரத்தில்
எதையோ மறந்தவள் போல் நின்று
பிறகு அமர்கிறது.
அந்த ஒரு சாண்.
மறுநாளிலிருந்து விழுவதை விட்டுவிட்டு
அந்த ஒரு சாணை மட்டும் பழகினேன்.
தொடை நடுங்கியது. வியர்வை தரையில் சொட்டியது,
அதற்கும் சத்தம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வைப்போம்,
பக்கத்துக்காரர்கள் வந்து பார்க்கட்டும்,
ஆட வேண்டாம், தேடியதைச் சொன்னால் போதும்
என்று ஒதில் நாற்பது நாற்காலி கேட்டு வாங்கினாள்.
வியாழன் இரவு புயல் சிவப்பு எச்சரிக்கை.
வெளியே கால் வைக்கக் கூடாது.
நாற்காலிகளை மூட வந்தவளும்
என்னோடு உள்ளே மாட்டிக்கொண்டாள்.

மின்சாரம் போனது.
தகரக் கூரையைக் காற்று
பரோட்டா மாவு போல அடித்தது.
டார்ச் அணைத்து வை, பேட்டரி வேண்டும் என்றாள்.
இருட்டில் எனக்கு வேறு வேலை தெரியாது.
எழுந்தேன், சரிந்தேன், ஒரு சாணில் நின்றேன்,
விட்டேன்.

கொஞ்சம் கழித்து அவள் குரல்:
விழுந்துவிட்டாயா?
இன்னும் இல்லை என்றேன்,
கன்னம் தரையில் இருந்தது.

அந்தக் காற்றில் கிரேனே விழுந்திருந்தாலும்
அவளுக்குக் கேட்டிருக்காது.
ஆய்வு முறைப்படி அது செல்லாது.
நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அறிக்கைப் படிவத்தில் மூன்று கட்டம்.
கண்டறிந்தது என்ற கட்டத்தில்
ஒரு சாண் என்று எழுதி
சென்டிமீட்டரில் போடச் சொல்வார்களோ என்று
கையை விரித்து அளந்தேன்.
பத்தொன்பது.
கட்டை விரல் நகம் உடைந்திருந்தது,
அதை விட்டுவிட்டு.