ஓரக் குறிப்பு

எங்கள் பங்கு என்பது பதினொரு தீவு,
ஒரு சாமியார், ஒரு படகு.
சிலோயேக் கடலில் ஓதம் ஏறும் நேரம்தான்
பூசை நேரம்.
காலையில் ஏறினால் காலையில் ஞானஸ்நானம்;
மாலையில் என்றால் பிள்ளை
வெள்ளைச் சட்டையோடு ஒரு தூக்கம் போட்டு எழலாம்.

பதிவேடு என் கையில்.
ஓர் ஆளுக்கு ஒரு வரி:
பிறப்பு, முழுக்கு, ஞானப்பெற்றோர், ஊற்றியவர்.
வலப்பக்கம் மூன்று விரல் அகலத்தில்
வெற்று ஓரம்.
ஆயர் வந்து உறுதிபூசினால் அங்கே ஒரு குறிப்பு.
கல்யாணம் சாந்தியாகோவில் நடந்தாலும்
அந்தப் பங்கிலிருந்து கடிதம் வரும்,
அதே ஓரத்துக்கு.
குருவானால் அதுவும். (இதுவரை எழுதியதில்லை.)
பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் ஓரமில்லை.
அதை எழுதாமல் இருப்பதும் என் வேலைதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் வரி, எதெல்வீனா.
ஊற்றியவர் என்ற கட்டத்தில்
ஓனோஃப்ரே கார்கமோ, படகோட்டி.

ஓனோஃப்ரே கோயிலுக்கு வெளியே நிற்கிற ஆள்.
சாமியாரை இறக்கிவிட்டு
இயந்திரத்தின் மேல் கெண்டி வைத்து
பூசை முடியும்வரை மாத்தே உறிஞ்சுவார்.
முப்பது வருஷமாய் அப்படி.
கடவுளோடு சண்டை என்பார்கள்.
தம்பியோடு என்பது என் கணிப்பு.

ஆகஸ்டில் ஓர் இரவு
மாதம் நிறையாத ஓரியானாவை
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில்
நடுக்கடலில் பிள்ளை பிறந்தது, நீலமாக.
நீர் இறைக்கும் தகரக்குவளையில் கடலை மொண்டு,
கெண்டியிலிருந்து கொஞ்சம் வெந்நீர் விளாவி,
மூன்று முறை ஊற்றியிருக்கிறார்.

தந்தை லிசார்தோ விசாரித்தார். விசாரிக்கத்தான் வேண்டும்.
தலையில் நீர் ஓடியதா?
ஓடியது.
வார்த்தைகள்?
பிதா, சுதன், ஆவி. மறக்கவில்லை.
திருச்சபை செய்வதைச் செய்யவே எண்ணினாயா?
"எண்ண எங்கே நேரம்?
போகிற உயிர் பேரில்லாமல் போகக்கூடாது,
அவ்வளவுதான்."
அது போதும் என்றார் சாமியார்.
மறுபடி ஊற்றவில்லை; எண்ணெய் மட்டும் பூசினார்.
உப்புநீர் என்று எழுதக் கட்டமில்லை.

பதினாறு வயதில், ஆயர் முன்
தோளில் கைவைத்து நிற்க
எதெல்வீனா அவரைத்தான் கேட்டாள்.
அவர் படகைவிட்டு இறங்கவில்லை.

போன ஜூனில் ஓனோஃப்ரே விழுந்தார்.
வலப்பாதி மரமாயிற்று.
"சாமியாரைக் கூப்பிடு" என்றது மீதிப்பாதி.
வடகாற்று. கடற்படை துறைமுகத்தை மூடியது.
அந்தக் கரையில் லிசார்தோ, எண்ணெய்ச் சிமிழோடு.
இந்தக் கரையில் நாங்கள்.

அவசரத்தில் நீரை யாரும் ஊற்றலாம்,
நம்பாதவன்கூட.
எண்ணெய்க்குக் குருவின் கை வேண்டும்.
சட்டம் எனக்குத் தெரியும்.
அன்று மட்டும் தெரியாதிருந்திருக்கலாம்.

பேழையில் அப்பம் இருந்தது.
அதைக் கொண்டுபோக அனுமதியுண்டு எனக்கு.
கம்பளிக்குள் வைத்துச் சேற்றில் நடந்தேன்.
அவர் என்னிடமே சொல்லத் தொடங்கினார்;
தம்பியின் பெயர் வந்தது. கேட்டேன்.
மன்னிப்பு என்னிடம் இல்லை.
எழுதாமல் இருப்பது மட்டும்தான் இருந்தது.
நகக்கண் அளவு கிள்ளி வைத்தேன்,
எதெல்வீனா கரண்டியில் நீர் பிடித்தாள்.
விழுங்கினார்.
விழுங்கினார் என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் துறை திறந்தது.
மீன்பண்ணைப் படகொன்றில் தொற்றிக்கொண்டு சாமியார் வந்தார்.
உடல் எப்போதோ குளிர்ந்திருந்தது.
எண்ணெய் உயிருள்ளவருக்கு.
சிமிழைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.
வைக்க வெகுநேரம் ஆயிற்று.

இறப்புப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
பெற்ற அருட்சாதனங்கள்.
வழியுணவு, என்று எழுதினேன்.
பேனா அங்கே நிற்கவில்லை.
துறைமுகம் மூடியிருந்தது, என்றும் எழுதியது.

லிசார்தோ படித்தார். அடிக்கவில்லை.
கீழே கையொப்பமிட்டு,
ஓதம் இறங்குகிறதே,
அடுத்த தீவில் பிள்ளை காத்திருக்குமே,
படகை யார் ஓட்டுவது என்று கேட்டார்.