பின்பக்கம்

எழுநூற்றுப் பன்னிரண்டு இரவுகள் வாசித்தேன்.
நாடகத்தை நான் பார்த்ததில்லை.

குழிக்குள் இரண்டாம் கிளாரினெட்டின் நாற்காலி
மேடையின் உதட்டுக்கு நேர் கீழே.
இருபத்து நான்கு ஜோடிக் காலணிகள்
தலைக்குமேல் ஆலங்கட்டியாய்ப் பொழியும்.
பலகை இடுக்கில் குங்கிலியத் தூள் உதிர்ந்து
என் காப்பியில் விழும்.
ஜனங்கள் சிரிப்பார்கள்.
எதற்கென்று டிரம்ஸ்காரன் டெல்பர்ட்டைக் கேட்பேன்,
ஓரத்தில் உயரமாய் உட்கார்ந்திருப்பவன்.
"தொப்பி" என்பான்.
அந்தத் தொப்பியை இன்றுவரை நான் அறியேன்.

அதற்கும் முன்னால், நியூ ஹேவன்.
நாற்பத்தேழு, பிப்ரவரி.
பிராட்வேக்கு ஏற்றும் முன்
அங்கேதான் அறுத்துப் பார்ப்பார்கள்.
ரயில் நிலையத்துக்கு எதிர் ஹோட்டல்,
அறை நானூற்றுப் பதினொன்று.
மூன்று பேர் கத்தினார்கள், ஒருவர் அழுதார்.
அழுதவர் மெட்டுப் போட்ட கார்ஃபைன்.

இரண்டாம் அங்கத்தில்
வினிஃப்ரெட் க்வேல் தனியாய் நின்று பாடுவது.
தந்தி ஆபீஸ்காரி,
ஊருக்கெல்லாம் சேதி தட்டியவள்
தனக்கென்று ஒன்று தட்டிப் பார்க்கிற பாட்டு.
நல்ல பாட்டு. அதுதான் சிக்கல்.
கேட்டவர்கள் கைதட்டவில்லை,
கோட்டுப் பையில் கைக்குட்டை தேடினார்கள்.
முதல் போட்ட ப்ரூயட் கடிகாரம் பார்த்தார்:
"நாலு நிமிஷம்.
அழுதுகொண்டே கடைசி ரயிலைப் பிடிப்பவன்
அடுத்த வீட்டுக்காரனை டிக்கெட் வாங்கச் சொல்லமாட்டான்."

செவ்வாய் இரவு பாட்டு செத்தது.
புதன் மாலைக்குள் அங்கே வேறொன்று வேண்டும்:
படகு, குடை, முழுக் கோரஸ்.

பிரதி எழுதும் மினா லிப்ஷுட்ஸ்
குளியல் தொட்டிமேல் பலகை போட்டு எழுதினாள்.
விடிய நாலு மணிக்குத் தாள் தீர்ந்தது.
அந்தப் பனியில் எந்தக் கடை?
செத்த பாட்டைத் திருப்பிப் போட்டாள்.
பின்பக்கம் வெள்ளை.

குடைப் பாட்டு நியூயார்க்கை அள்ளிக்கொண்டு போனது.
லிஃப்ட் பையன் சீட்டியடித்தான்.
என் பல்லைப் பிடுங்கிய டாக்டர்
பிடுங்கும்போதே முணுமுணுத்தார்.
நான் மட்டும் ஒவ்வோர் இரவும்
அந்தத் தாளை எடுக்கும் அரை நொடியில்
சிவப்புப் பென்சில் குறுக்குக் கோட்டுக்குப் பின்னே
அவளைப் பார்த்தேன்.
என் பங்கில் அதிகமும் மௌனக் குறிகள்தாம்.
எட்டே கட்டு மெட்டு,
அவள் மூச்சு வாங்கும் இடத்தில்.

ஐந்நூற்றுச் சொச்சமாவது இரவு, ஒரு வியாழன்,
படகு சிக்கிக்கொண்டது.
திரைக்குப் பின்னால் சுத்தியல்.
திரைக்கு முன்னால் வினிஃப்ரெட், கையில் குடை,
சொல்ல வசனம் இல்லை.
குச்சி பிடித்தவர் காற்றைக் கிண்டினார்:
எதையாவது வாசி, நிறுத்தாதே.
எல்லோரும் குடையையே மறுபடி அரைத்து
ஒவ்வொருவராய் ஓய்ந்தார்கள்.
நான் தாளைத் திருப்பினேன்.

எட்டுக் கட்டு.

தலைக்குமேல் நடந்துகொண்டிருந்த காலணி
நின்றது.
பிறகு அதன் குதிகால்
பலகையில் தட்டியது:
குறில், குறில், நெடில்.
கொஞ்சம் பொறுத்து
இன்னொரு நெடில்.

சபை இருமியது. படகு வந்தது.

ஐந்து டாலர் அபராதம்.
"என்னடா அது?" என்றான் டெல்பர்ட்.
"தொப்பி" என்றேன்.

அவளிடம் நான் பேசியதில்லை.
கலைஞர் வாசல் அவர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று.
ஒருமுறை மழையில்,
டாக்ஸிக்குக் காத்திருந்தவளின் காலைப் பார்த்தேன்.
இடது குதிகால் தேய்ந்திருந்தது.
எல்லோருக்கும்தான் தேய்கிறது.

கடைசி நாள் தாள்களை எண்ணி வாங்கினார்கள்.
ஒன்றை உருவிக்கொண்டிருக்கலாம்.
உருவவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
நியூ ஜெர்சியில் ஏதோ கிடங்கு என்றார் லாரிக்காரர்,
எலி உண்டு, ஈரம் இல்லை.
எந்தப் பக்கம் மேலாக
அடுக்குவார்கள் என்று கேட்க நினைத்தேன்.
லாரி கிளம்பிவிட்டது.