கணுக்கால், முட்டி, இடுப்பு

நாலேகாலுக்கு மழை தகரத்தில் இறங்குகிறது.
அஞ்சு மணிக்கு ரபீக் பாயை
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு விடவேண்டும்.
எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று:
கணேசபுரம் சப்வேயில் தண்ணி நிற்கிறதா.

இதற்காகப் போனைத் திறந்த காலம் ஒன்று இருந்தது.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு காத்திருக்கும்.
ஸ்டேண்டுக்கு ரெண்டு குரூப்
(சங்கம் உடைந்தபோது அதுவும் உடைந்தது),
வியாசர்பாடி மக்கள், வியாசர்பாடி மக்கள் புதியது,
பிள்ளையின் ஸ்கூல், மச்சானின் சீட்டு, கேரம் கிளப்,
யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத பதினேழு.

எல்லாவற்றிலும் அதே படம்.
சப்வேக்குள் பழுப்புத் தண்ணீர்,
நடுவில் ஹேண்டில்பார் வரை மூழ்கிய ஆட்டோ,
மேலே சிவப்பில் 'சற்றுமுன்'.

சற்றுமுன் இல்லை.
அந்த ஆட்டோ என்னுடையது.
பின்னால் 'கஸ்தூரி துணை' எழுதி
'ரி' மட்டும் உரிந்துபோன வண்டி.
எஞ்சினில் சேறு போனதால்
மாதவரத்துக்காரனுக்குப் பாதி விலைக்குத் தள்ளி
நாலு வருசம் ஆகிறது.
அவனிடம் நன்றாகத்தான் ஓடுகிறது.
இங்கேதான் ஒவ்வொரு மழைக்கும்
நாற்பத்தியொரு தபா மூழ்குகிறது.

எழுதிப் பார்த்தேன்: இது பழைய படம், என் வண்டி.
பதினொரு பேர் கும்பிடு போட்டார்கள்.
பன்னிரண்டாவது ஆள்
அந்தப் படத்தையே எனக்கு அனுப்பிவைத்தார்.

பேசின் பிரிட்ஜ் யார்டில்
ஒரே பெட்டியை ராத்திரி முழுக்க
முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும் எஞ்சினுக்காவது
சம்பளம் வாங்கும் டிரைவர் இருக்கிறான்.

அன்றைக்கு உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் வாயைக் கட்டினேன்.
வெளியேறினால் ஏன் என்று கேட்பார்கள்;
அதனால் உள்ளேயே இருந்து செவிடானேன்.

மிச்சம் வைத்தது ஒரே ஆள்.
சப்வே வாயில் இட்லி வடகறி போடும் ஃப்ளோரி அக்கா.
அவள் போனில் கேமரா உடைந்து வெகுநாள்.
ஒரு வார்த்தைதான் வரும்.
கணுக்கால்.
முட்டி.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி, இடுப்பு.

அவள் குள்ளம். யார் முட்டி என்று கேட்டேன்.
'என் முட்டிதான். ஒனுக்கு
நாலு வெரல் கொறச்சிக்கோ.'

ரெண்டு மழைக்காலம் இப்படிப் போனது.
ஸ்டேண்டில் எதைப் பேசினாலும் நான்தான் விழிப்பேன்:
'உயிரோடதான் கீறியா நீ?'
சிரிப்பதற்கில்லை.
லாரன்ஸ் மாமா காரியத்துக்கு
எல்லாம் முடிந்தபிறகு போய் நின்றேன்.
நாலு தபா போட்டார்களாம்.
எதில் என்று கேட்கவில்லை.

நேற்று முட்டி என்று வந்தது.
இன்று, நாலேகால் தாண்டியும், ஒன்றுமில்லை.
வார்த்தை இல்லையென்றால் தண்ணி இல்லையா,
தண்ணி போனுக்குள்ளேயே போய்விட்டதா,
அக்காவுக்கே ஏதாவதா?

கட்டிய வாய்களில் ஒன்றை அவிழ்த்தேன்.
என் ஆட்டோ மூழ்கிக்கொண்டிருந்தது.
மூடினேன்.

பாயை ஏற்றிக்கொண்டு நேரில் போனேன்.
வழியெல்லாம் அந்த மெசினைப் பற்றியே பேசினார்:
வேண்டாததை மட்டும் எடுத்துக்கொண்டு
மிச்சத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுமாம்.
'ஆனா நாலு மணி நேரம் ஆவுது தம்பி,
அப்பறம் ஒடம்பு ரெண்டு நாளைக்கு எந்திரிக்காது.'

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே
குக்கரில் ஆவி, பக்கத்தில் அக்கா.
சப்வேயில் தண்ணி.
ஏன்க்கா இன்னிக்கு ஒண்ணும் போடல?

கரண்டியைக்கூட நிறுத்தவில்லை அவள்.
'இன்னாத்தப் போட?
நேத்து சொன்ன அதே முட்டிதான்.'

பாய்க்குச் சிரிப்பு வந்து இருமல் வந்து
மறுபடி சிரிப்பு வந்தது.
வண்டியைத் திருப்பினேன்.
பெரம்பூர் சுற்றினால் இருபது நிமிசம் கூட.

பாலம் ஏறும்போது
சட்டைப் பையில் ஒரே ஒரு தபா அடித்தது.

தொடை.