கொசுறு

அளவுநாடாவின் முனை ஒடிந்திருந்தது.
முதல் பத்து சென்டிமீட்டர் இல்லை.
பத்தில் பிடித்து, பத்தைக் கழித்துச் சொல்ல வேண்டும்.
ஹொய்மாவிலிருந்து ஏரிக்குப் போகும் சாலைக்காக
நூற்றுப் பதினோரு தோட்டங்களை இப்படித்தான் அளந்தோம்.
நாடா பிடித்து எண் சொல்பவன் நான்.
எழுதுபவர் பியென்க்யா.

நாங்கள் போனபோது நியாமாஹுங்கே
கருவாடு எடை போட்டுக்கொண்டிருந்தாள்.
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்
"உன் செல்லப்பெயர் என்ன?" என்றாள்.
எங்கள் பக்கத்தில் அது தெரியாமல்
வணக்கம்கூடச் சொல்ல முடியாது.
"அமோத்தி."
"நான் அத்வோக்கி. அதையும் எழுது."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

காபி, காய்த்தது, இருபத்தாறு.
காபி, கன்று, ஒன்பது.
வாழை, தூர்க் கணக்கில்.
மண்சுவர், தகரக் கூரை: அரை நிரந்தரம்.
"பதினேழு வருஷம் இதில் இருக்கிறேன்.
முழு நிரந்தரம் எப்போது ஆகும்?"

சாலை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.
மழையில் வண்டி சேற்றில் சிக்கி
எத்தனை கூடை மீன் அழுகியது என்ற கணக்கு
அவளிடம்தான் இருந்தது.
"போடுங்கள். நல்ல அகலமாகவே போடுங்கள்.
ஆனால் சந்தையில்
விலை என்பது இரண்டு வாய் பேசி முடிப்பது.
வாங்குகிறவனே விலையும் சொல்லி,
மாட்டேன் என்று சொல்ல
எனக்கு வாயே இல்லை என்றால்
அதற்கு என்ன பெயர்?"

பியென்க்யா கெட்டவர் இல்லை.
மாவட்ட விலைப்பட்டியலை விரித்துக் காட்டினார்,
போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துப் பட்டியல்.
மொத்தத்துக்கு மேல் நூற்றுக்கு முப்பது உண்டு,
வீடு மாறும் தொந்தரவுக்கு, என்றார்.
அவள் சிரித்துவிட்டாள்.
"கொசுறா?
எடை சரியாக இருந்தபிறகு போடுவதுதானே கொசுறு.
முதலில் எடையைப் போடு."

அன்று பதினான்கு முறை நாடா பிடித்தேன்.
பதினான்கு முறையும் பத்தைக் கழிக்கவில்லை.
வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பணம் வர இரண்டு வருஷமும் ஒரு தேர்தலும் ஆனது.
அதற்குள்
சாலை வருகிறது என்ற செய்தி
சாலைக்கு முன்னால் வந்து
அக்கம்பக்கத்து நிலத்தையெல்லாம் விலையேற்றிவிட்டது.
ஒரு ஏக்கருக்குக் கொடுத்த பணத்தில்
கால் ஏக்கர் கிடைக்கும்,
ஏரிக்கரைச் சதுப்பில்,
நன்றாகப் பேரம் பேசினால்.

சாலை வழுவழுவென்று இருக்கிறது.
பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்திருக்கிறது.
அதன் ஓரத்தில்
வாடகைக் கொட்டகையில் அவள் மீன் விற்கிறாள்.
நேற்று அரைக் கிலோ கேட்டேன்.
முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்து
அதற்குப் பிறகு
ஒரு சின்ன மீனை எடுத்து மேலே வைத்தாள்.
"அமோத்தி" என்றாள்.
எல்லாருக்கும் வைப்பதா, தெரிந்து வைத்ததா,
கேட்கவில்லை.

பதினான்கு பத்து, நூற்று நாற்பது.
கூட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூடக் காணாது.