மூன்றாவது முனை

நெல்லிரசம் நிரப்புற மெஷினில்
மூன்றாவது முனை மட்டும்
இரண்டு கிழமையாய் ஒழுகுகிறது.
எனக்கு முதலே எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது.

கழற்றிய வளையத்தைத் தீப்பெட்டிக்குள் வைத்து
கோண்டாவிலில் இருந்து ஸ்ரான்லி வீதிக்குப் போனேன்.
"இதே அளவில் பத்துத் தாங்கோ."

ஜெனோசினி அளவெடுக்கவில்லை.
விரலிடையில் உருட்டினாள். மணந்தாள்.
"உள்ளுக்கை என்ன ஓடுது அண்ணை?"
புளிப்பு, சீனி.
பின்னேரம் கழுவேக்கை கொதிதண்ணி, காரச்சோடா.
"அப்ப றப்பர் சரி.
ஆனா இது ஊதிப்போன வளையம், அளவைப் பொய்யாச் சொல்லும்.
இது கிடந்த பள்ளத்தை அளந்துகொண்டு வாங்கோ."

பிறகு, பில் புத்தகத்தை மூடிவிட்டு:
"கிறீஸ் பூசினது ஆர்?"

விசிறிக்குக் கீழே விலைத்தாள் ஒன்று படபடத்தது.

நான்தான்.
சைக்கிள் செயினுக்குப் போடுகிற அதே டப்பா.
வழுக்கி நல்லாய் இருக்கட்டும் என்று
கொஞ்சம் கூடவே பூசினேன்,
பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி.
அதைக் குடித்துத்தான் அது பருத்திருக்கிறது.

அடுத்த நாள் ஆழமும் அகலமும்
உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு போனேன்.
பத்துக் கேட்டவனுக்கு இரண்டுதான் தந்தாள்,
கறுத்தக் கடுதாசியில் சுற்றி.
"வெயில் காட்டாதேங்கோ. ஆணியிலை கொழுவாதேங்கோ."

இரவு நகம் வெட்டினேன்.
ஸ்க்ரூ டிரைவரை மேசைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டு
சவர்க்காரத் தண்ணியில் தொட்டு
முறுக்காமல், இழுக்காமல்
பள்ளத்துக்குள் இருத்தினேன்.
சத்தமே இல்லை.

விடிய ஆறு மணி. எண்ணூறு போத்தல்.
சுவரோரமாய் எறும்புகள் வந்து
மூன்றாவது முனைக்குக் கீழே
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
வந்த வழியே போயின.