ஒரு பிரேம்

விதிகளை எழுதியவள் நான்தான்.
டுலூத்தில், ஏரிப் பனி இன்னும் உடையாத ஏப்ரலில்,
விடுதியின் இரண்டாம் மாடிக் கூடத்துக்கு
நூற்றிருபது நாற்காலி, ஒரு புரொஜெக்டர்,
நாற்பத்தொரு அனிமே இசைக் காணொளிகள்.

வசன வரிகள் படத்தில் தெரியக் கூடாது.
தொலைக்காட்சி நிலையத்தின் முத்திரை
மூலையில் நிற்கக் கூடாது.
அசையும்போது விளிம்புகள்
சீப்புப் பல்லாய்ப் பிரியக் கூடாது.
சதுரமாய்ப் பிறந்த படத்தை அகலத் திரைக்கு இழுத்து
முகங்களைப் பூசணி ஆக்காதீர்கள்
(இது மாரிட் சேர்த்தது).
ரத்தம் சொட்டலாம், அளவாக.
ஐந்து நிமிடத்துக்கு மேல்
யாருடைய சோகமும் நீளக் கூடாது.
ஒரு பிரேம் என்றாலும் பிழை பிழைதான்.

கடைசி வரியை எழுதியபோது
எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

முப்பத்திரண்டாவது உறை.
ஆன்சல் கிவேலா, க்ளோகே.
வட்டின் மேல் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்,
அதில் பேனா இரண்டு முறை வறண்டிருந்தது.

விமானம் ஓட்டும் பெண் ஒருத்தி
கிளம்பாத எந்திரத்திடம் திரும்பி நடக்கிறாள்.
அவ்வளவுதான் படம்.
டிரம் விழுந்து
கால் நொடி கழித்தே ஒவ்வொரு வெட்டும்.
தவறு என்று குறித்தேன்.
ஏழாவது வெட்டில் அடித்துவிட்டேன் அந்தக் குறிப்பை.
தட்டிய சத்தம் கேட்டபின்தானே
எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறோம்.

ஆனால் கீழே ஒரு கறுப்புப் பட்டை.
மேலே இல்லை, கீழே மட்டும்.
எந்த அளவு விகிதத்துக்கும் பொருந்தாத பட்டை.

அம்புக்குறி விசையில் விரலை வைத்தேன்.
ஒவ்வொரு பிரேமாக
ஒரு மணி நேரம்.
இரண்டாம் நிமிடம், பதினான்காம் நொடி,
பதினேழாவது பிரேமில்
பட்டை வழுக்கியிருந்தது.
அடியில் நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து:
'ல்டன் கவுண்டி பள்ளிகள் அனைத்தும் நா'

புயல் எச்சரிக்கை.
அந்த ஓர் இரவு ஒளிபரப்பில் பதித்த
ஒரே ஒரு நாடாவிலிருந்து
மொத்தப் படத்தையும் வெட்டியிருக்கிறான்.
மூன்றரை நிமிடமும் அவள் காலடியில்
மூடிய பள்ளிகள், மூடிய சாலைகள்
ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன.
என் விதியை மதித்துத்தான்
புயலை மறைத்திருக்கிறான்.

அந்த இரவு எனக்கும் தெரியும்.
நெடுஞ்சாலை ஓரப் பெட்ரோல் பங்கில், காருக்குள்,
ஒரே ஜோடிக் கையுறையை
மாரிட்டும் நானும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தோம்.

'நொடியில் முப்பதில் ஒரு பங்கு.
யார் பார்க்கப் போகிறார்கள்?' என்றாள் மாரிட்.
'நான் பார்த்தேனே.'

படிவத்தில் நிரப்பினேன்:
பதினேழாவது பிரேம். எழுத்து தெரிகிறது. தகுதி இல்லை.
'மன்னிக்கவும்' என்று எழுத
அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், சாய்வாக.

சனிக்கிழமை மாலை, கதவு திறந்தாயிற்று.
அட்டைச் சிறகுகள் நாற்காலிகளில் இடிக்கின்றன.
யாரோ தன் வாளைத் தேடுகிறார்கள்.
'ஒலி சரிபார்க்க ஏதாவது கொடு' என்றான் டோர்வின்,
கேபிள்களுக்குள் தலையை விட்டபடி.
முப்பத்திரண்டைக் கொடுத்தேன்.

எல்லா விளக்கும் எரிந்தன.
திரை வெளிறிக் கிடந்தது.
ஒருவரும் நிமிரவில்லை.
பதின்மூன்றாம் நொடியிலிருந்து நான் இமைக்கவில்லை,
கண்ணில் நீர் கட்டும்வரை.

எனக்குத் தெரியவில்லை அது.
போய்விட்டது.

'ஒலி சரி' என்றான் டோர்வின்.
விளக்குகளை அணைத்தோம்.
முதல் காணொளி.
சுத்தமாக இருந்தது.