பதினேழுக்குள்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெண்ணாற்றங்கரையில் எங்கள் கொள்முதல் நிலையம்.
மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்து
நாலு நாளாக மேசையில் கிடக்கிறது, தராசுப் படியின் கீழே.
பணியில் உங்கள் மனநிறைவு, ஒன்று முதல் ஐந்துக்குள்.
பக்கத்தில் ஐந்து வட்ட முகங்கள்,
அழுமூஞ்சியிலிருந்து பல் தெரியும் சிரிப்பு வரை.

நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
குறுவை முடிந்தால் நானும் முடிந்தேன்.

செவ்வாய்க்கிழமை சிரித்தேன், அது உண்மை.
சுமை தூக்கும் சவுரிமுத்து
தோளில் மூட்டை இருக்க, மூச்சு வாங்க,
என் மகள் காலாண்டுக் கணக்கில் தொண்ணூற்று நாலு என்று
லாரிக்காரனிடம் சொல்லிக்கொண்டே போனார்,
தான் பெற்ற பிள்ளை மாதிரி.
அன்று எழுநூறு மூட்டை. அன்றும் மின்விசிறி ஓடவில்லை.
பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது,
மத்தியானச் சோறு டப்பாவிலேயே இருக்கிறது என்று.

வியாழக்கிழமை வேறு.
ராத்திரி முழுக்க மழை.
பவுனம்மாள், இரண்டு மா குத்தகைக்காரி,
படுதாவை விலக்கி ஒரு கை நெல் அள்ளித் தந்தார்.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
பதினேழைத் தாண்டினால் என் கை எழுதாது.

சண்டை போட்டிருக்கலாம்.
போன வாரம் ஒருவர் என் பிறப்பையே இழுத்துத் திட்டினார்,
பொழுது சாய்வதற்குள் மறந்துவிட்டேன்.
இவர் "சரி" என்றார்.
மறுபடி பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறினார்
இல்லாத வெயிலில்.

அப்புறம் கூட்டலில் மூன்று தப்பு.
கிழிந்த சாக்குக்காக சவுரிமுத்தைக் கத்தினேன்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.
டீ வந்தது, ஏடு படிந்தது.

படிவம் ஊதியம் கேட்கிறது, இருக்கை, குடிநீர், கழிப்பறை.
கழிப்பறை இல்லை. அடிக்கோடிட்டு எழுதிவிட்டேன்.
வீட்டுக்கு எதைக் கொண்டு போகிறாய் என்று
ஒரு கட்டமும் இல்லை.
நெல்லுச் சுணை கழுத்தோடு வரும், முழங்கை மடிப்போடு வரும்,
இரண்டு சொம்புத் தண்ணீரில் போய்விடும்.
அந்தச் "சரி" போகவில்லை.

சனிக்கிழமை: பதினாறு புள்ளி எட்டு.
முப்பத்தொரு மூட்டை.
இன்னொரு தரம் அளக்கவா என்று கேட்ட உதவியாளனை
நான் பார்த்த பார்வையில் அவன் கருவியை அணைத்தான்.
பவுனம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மண்டலத்திலிருந்து போன்.
"உங்களுது மட்டும்தான் பாக்கி மேடம். எத்தனை போட?"
எந்தக் கிழமைக்கு என்று கேட்டேன்.
என் பேனா பவுனம்மாளோடு போய்விட்டது என்றும் சொன்னேன்.